மீனம்மாவின் நான்காம் பாகம்

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் பொன்னையா அவர்களே! மழையையும் பாராமல் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து இறங்கி மஸ்கெலியாவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எழுத்தாளர் அழகுமுத்து மாஸ்டர் மறைந்து இன்று பதினோராம் நாள். அவருடைய நாவல்களை அச்சடித்தவன் என்ற ஒரே தகுதியோடு இந்தச் சரிபுதீன் உங்கள் முன் நிற்கிறேன்.

நாவல் ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும் என்பது அவர் கொள்கை. பாகம் பாகமாக வந்தால்தான் வாசகர் காத்திருப்பார்கள் என்பது என் கட்சி. எத்தனை சண்டைகள் போட்டிருப்போம்! என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் அழைப்பார். “முடிக்கத் தெரியாதவன்தான் நானா அடுத்த பாகம் எழுதுவான்” என்பார். ஐம்பத்தெட்டில் வந்த அவருடைய நாவல், கொழுந்தெடுக்கப் போன பெண் பனிமூட்டத்தில் காணாமற்போவதோடு முடிந்தது. இனி அதில் ஒரு வரிகூட இல்லை என்றார்.

அவர் மனத்தை மாற்றியது யார்? நானல்ல, காளியாயி அம்மாள்! யாரோ வாசிக்கக் கேட்டுவிட்டு, அவர் வாசலில் வந்து நின்றார்.

“அது எம்மக மீனம்மாதாங்க. காணாமப் போயி அஞ்சு வருசமாச்சு. இடது காது கிழிஞ்சிருக்கும்னு எழுதியிருக்கீங்களே, யாருங்க சொன்னா? அப்புறம் அவ எங்கிட்டுப் போனா? அதையும் எழுதுங்க.”

மாஸ்டருக்கு ஊர் வலப்பனை. மீனம்மா காணாமற்போன காலத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அந்தக் காதை அவர் எப்படி அறிந்தார்?

இரண்டாம் பாகம் எழுதினார். மூன்றாம் பாகத்தில், ஓடைக்கு மேலே இரட்டைப் பாறை, அதன் இடுக்கில் அவள் கிடக்கிறாள் என்று எழுதினார். தாள்களை என்னிடம் தந்தபோது சொன்னார்:

“நானா, நா யோசிச்சு எழுதல. பக்கத்துல ஒக்காந்து யாரோ சொல்ற மாதிரி இருக்கு.”

அச்சை நிறுத்திவிட்டுத் தேடிப் போனோம். பாறை இருந்தது! இடுக்கில் எலும்புகள் இருந்தன, இரண்டு வளையல்கள் இருந்தன! காளியாயி அம்மாள் அழவில்லை. வளையல்களைத் துடைத்து மடியில் முடிந்துகொண்டார். “இனிமே எம்புள்ளைக்குச் சோறு வச்சுக் கும்புடலாம்” என்றார்.

தொடர் வேண்டுமென்று வாதாடிய நானே, “போதும் மாஸ்டர்” என்று கெஞ்சினேன். “இன்னும் சொல்லிக்கிட்டேதான் நானா இருக்காங்க” என்றார். மேசையில் சாய்ந்தபடி அவர் உயிர் பிரிந்தபோது, நான்காம் பாகத்தில் ஒரே ஒரு பக்கம் இருந்தது. அதில் மீனம்மா இல்லை. வேறொரு பெண். பெயர் நாகலெட்சுமி. வட்டவளைப் பாலத்துக்குக் கீழே மூங்கில் புதர். கையில் சிவப்புத் துணி மூட்டை.

சபையோரே, இது யார் பெற்ற பிள்ளை?

பின்வரிசையில் எழுந்து நிற்கும் தாயே, என்ன சொல்கிறீர்கள்? “எங்க நாகுங்க” என்கிறீர்களா? உட்காருங்கள் அம்மா. யாராவது அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.

எனக்கு எழுத வராது. மாஸ்டரின் பேனாவைத் தொடும் துணிவும் இல்லை. ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து தேட என்னால் முடியும். நாளை முதல் பஸ்ஸில் இந்தத் தாயோடு வட்டவளைக்குப் போகிறேன். வருகிறவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்!