பயமாக இருந்தால் நிமிர்ந்துகொள்

பனிச்சறுக்குக் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பளிச் செருப்புக்குள் காலை நுழைக்கும் அந்த முதல் நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடான சுகம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பதினாறு வருடமாக அதற்காகத்தான் மலையிலிருந்து இறங்குகிறேனோ என்றுகூடச் சில சமயம் தோன்றும். இன்று விசாரணைக்கே அந்தச் செருப்போடு வந்திருக்கிறேன். மன்னியுங்கள் ஐயா, முழங்கால் வீங்கியிருக்கிறது.

நான் வந்தது ஹார்ட்விக்குக்காக. சனிக்கிழமைப் பந்தயத்துக்குச் சரிவில் பாதை குறித்துக் கொடி நட்டவர் அவர்தான். எங்கள் அணி வெரேனா விழுந்ததும், பாதை ஆபத்தானது என்று எழுதிப் பந்தயத்தையே ரத்து செய்துவிட்டீர்கள். முப்பது வருடமாகக் கொடி நடுகிற மனிதர், இப்போது ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால் ஆட்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். அவர் மனைவி நேற்று என்னிடம் சொல்லி அழுதாள். அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் கீழே வந்து சேர்கிறவள், மூச்சு வாங்கிக்கொண்டே வாக்கிடாக்கியை எடுத்து, மேலே காத்திருக்கும் தன் அணிக்காரிக்குச் சரிவு எப்படி இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அவள் உன்னை முந்தப்போகிறவளாக இருந்தாலும் சொல்ல வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் அந்த வாக்கிடாக்கியில் பொய் சொன்னவள் என்று எங்கள் நாட்டில் இதுவரை ஒருத்தியும் இல்லை. நானும் சொன்னதில்லை.

உலகப் போட்டிக்கு நான்கு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒன்று எனக்கா வெரேனாவுக்கா என்பதைச் சனிக்கிழமைதான் முடிவு செய்யும் என்றிருந்தது. எனக்கு முப்பத்து நான்கு வயது, இதை விட்டால் அவ்வளவுதான். அவளுக்கு இருபத்தொன்று. பயிற்சி ஓட்டம் மூன்றிலும் அவளே என்னை முந்தினாள்.

நல்ல பெண். இரண்டு குளிர்காலம் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். என்னைக் கிழவி என்றுதான் கூப்பிடுவாள். “ஏய் கிழவி, இந்த முட்டிய வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு மலைய ஏமாத்தப் போற?” என்பாள். கேட்டுவிட்டு அவளே உட்கார்ந்து என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சனிக்கிழமை நான் ஏழாவதாக இறங்கினேன். காலையில் எல்லோரும் பாதையைப் பார்வையிட்டபோது, பாதி வழியில் சரிவு எம்பி இறங்கும் ஆட்டுமேட்டைக் குனிந்தபடியே தாண்டிவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தோம். நான் இறங்குவதற்குள் காற்று மேட்டுக்குப் பின்னால் இருந்த பனியையெல்லாம் வழித்துவிட்டிருந்தது. வெறும் ஐஸ். கடைசி நொடியில் பார்த்தேன். உடம்பை நிமிர்த்தி, கையை விரித்து, வேகத்தைக் குறைத்துத் தாண்டினேன். கால் நொடிகூட நஷ்டமில்லை. கீழே வந்தபோது நேரப் பலகையில் என் பெயர் உச்சியில் இருந்தது.

பயிற்சியாளர் வாக்கிடாக்கியைக் கொடுத்தார். சரிவோரம் நின்று தகவல் சொல்ல வேண்டிய எங்கள் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், வெரேனாவுக்கு என் வாய்தான் கண். மேலே பனி இறுக்கம், வெளிச்சம் போதும், கடைசி வளைவில் இடப்பக்கம் ஒட்டி வா என்றேன். அத்தனையும் உண்மை. பிறகு அவளே கேட்டாள்.

“ஆட்டுமேட்டுல நிமிரணுமா, வேண்டாமா?”

“பயமா இருந்தா நிமிர்ந்துக்க,” என்றேன்.

“பயமா? எனக்கா? போ கிழவி,” என்றாள். பக்கத்தில் நின்ற பயிற்சியாளரும் சிரித்துவிட்டார்.

எனக்குப் பிறகு வேறு நாட்டுப் பெண்கள் ஆறு பேர் இறங்கினார்கள். ஆறு பேரும் ஆட்டுமேட்டில் நிமிர்ந்தார்கள். அவரவர் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். ஆறு பேரும் முழுசாகக் கீழே வந்து சேர்ந்தார்கள், பலகையில் எனக்குக் கீழேதான் நின்றார்கள். ஹார்ட்விக்கின் பாதையில் குற்றமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நிமிர்ந்தவர்களுக்கு அது ஒரு சாதாரண மேடு.

பதினான்காவது வெரேனா. அவள் நிமிரவில்லை. நிமிர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு குளிர்காலம் ஒரே அறையில் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? கையெழுத்துக் கேட்கிறீர்கள் என்றால் இந்த வரிக்குக் கீழே போடுகிறேன்.

இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்வந்தேன். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு எதுவும் வராது என்கிறார்கள். ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு துண்டாக ஊட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சரியாத்தான் சொன்ன. நிமிர்ந்துக்கன்னு சொன்னேல்ல? நான்தான் திமிர்ல கேக்கல. ஹார்ட்விக்க யாரும் திட்ட வேணாம்னு போய்ச் சொல்லு.”

பாருங்கள், அவளுக்கே எவ்வளவு நியாயம் தெரிந்திருக்கிறது. திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகையால் பாதை ஆபத்தானது என்ற வரியை அடித்துவிட்டு, அங்கே என் பெயரை எழுதுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. பாதை சரியென்றால் பந்தயமும் சரி. பந்தயம் சரியென்றால் பலகையில் இருந்ததும் சரிதானே? என் நேரம் ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி, அதற்கு மேல் நூறில் நாற்பத்திரண்டு. நான்காவது இடத்தை யாரோ ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். பட்டியல் வெள்ளிக்கிழமைதானே வெளியாகிறது, இன்னும் நேரமிருக்கிறது.

எனக்கென்று நான் எதுவும் கேட்கவில்லை, ஹார்ட்விக் தலை நிமிர்ந்து நடந்தால் போதும். காலணியை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். முட்டி வீக்கம் வெள்ளிக்குள் வடிந்துவிடும்.