பட்டியலில் பெயர் இருந்தது

சோறு உண்ணும்போது சத்தம் கேட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் மனைவி சபிதா டி.வி.யை அணைத்துவிட்டுத்தான் இலை போடுவாள்.

சஜ்னா மேடம், விசாரணைக் குழுவில் கணினி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற நால்வரும், கணினியின் எல்லா நிரல்களையும் மேய்க்கும் மூல நிரலை நான் கெர்னல் என்றதும், பட்டாளத்து ஆள் யாரையோ காட்டிக்கொடுக்கிறேன் என்று குறித்துக்கொண்டார்கள். ஆகவே இந்த வாக்குமூலத்தை உங்களுக்கே எழுதுகிறேன். கையெழுத்து சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே உள்ள எங்கள் சின்னத் துறைமுகத்தில் நான்தான் கணினி அறைப் பொறுப்பாளர். ஒவ்வொரு படகிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அமுக்க வேண்டியது. அமுக்கினால் என் அறையில் ஓடும் நிரல் செய்தியை வாங்கிக் கூரைமேல் உள்ள சங்கை ஊதும். நான் நாகர்கோவில் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் மீட்புப் படகை அனுப்ப வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் அதை மீன் கிடைத்தால் அமுக்கினார்கள். வலை நிறைந்ததும் ஒரு அமுக்கு. கரையில் சங்கு ஊதும், ஏலக்காரர் ஐஸ் உடைக்க ஆள் விடுவார். இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ததேயுஸ். படகோட்டுவதில் கெட்டிக்காரர், மற்றபடி பெரிய வாயாடி. நான் சண்டைக்குப் போனபோது சிரித்தார்.

"ஏலே மக்கா, நடுக்கடலுல போனு எடுக்குமா? இத அமுக்கினா ஒனக்க சங்கு கூவும், ஏலக்காரன் முழிச்சிக்குவான். இதுல ஒனக்கு என்ன நட்டம்? இந்தா, ஒரு பாரை கொண்டு போ."

பாரையை வாங்கிக்கொண்டேன். நான் என்ன கல்லா.

மீட்புப் படகு நான்கு முறை போய் மீனைப் பார்த்துவிட்டு வந்தது. நாகர்கோவிலில் என் மேலதிகாரி பொன்னுலிங்கம் சார் ஃபோனில் கேட்பார்: "வே வினோஜ், இன்னைக்கும் சாளையா, இல்ல நெத்திலியா?" பக்கத்தில் நாலு பேர் சிரிப்பது எனக்குக் கேட்கும். அவமானமாக இருந்தது. எம்.சி.ஏ. படித்தவன் நான்.

அதனால் தினமும் காலை பத்தரைக்கு அந்த நிரலை நிறுத்தி வைத்தேன். கொல்லவில்லை, நிறுத்தி மட்டும் வைத்தேன். வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். நிறுத்திய நிரல் அப்படியே உறைந்து நிற்கும்; வருகிற செய்திகளைக் கெர்னல் அதன் வாசலில் வரிசையாகச் சேர்த்து வைக்கும். மாலை நான்குக்கு எழுப்பிவிடுவேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். நான் 'மீன்' என்று எழுதி முடித்துவிடுவேன். ஐந்து மாதம் ஒரு முறைகூடத் தப்பவில்லை, எல்லாம் மீன்தான்.

நாகர்கோவிலுக்கு நிமிஷத்துக்கு ஒரு முறை பச்சை விளக்கு போகும். அதற்கான சின்ன நிரலை எழுதியதும் நான்தான். ஓடுகிற நிரல்களின் பட்டியலைக் கெர்னலிடம் கேட்கும். எங்கள் நிரலின் பெயர் இருந்தால் பச்சை. நிறுத்தி வைத்த நிரலின் பெயரும் பட்டியலில் இருக்கும். நிலை என்ன என்றும் கேட்டிருக்கலாம். நான் கேட்கச் சொல்லவில்லை. கெர்னல் பொய் சொல்லாது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். எனக்கு அதனிடம் மிகவும் பிடித்த குணம் இது.

ஓராண்டு இடைவிடாமல் சங்கு நிரலை ஓடவிட்ட பொறுப்பாளருக்குச் சான்றிதழ் உண்டு. மேடை, சால்வை, ஃபோட்டோ எல்லாம் உண்டு. பொன்னுலிங்கம் சார் கையாலேயே தர வேண்டும். நீங்கள் விசாரிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். சபிதா கொடுத்துவிட்ட பாரைக் குழம்பு. வியாழக்கிழமை ததேயுஸ் தந்த மீன். சும்மா இருக்கிறோமே என்று இடது கையால் கெர்னலிடம் வரிசையின் அளவைக் கேட்டேன். ஒரு செய்தியின் அளவு எனக்குத் தெரியும். வகுத்துப் பார்த்தால் பதினாறு வந்தது.

மீனுக்கு ஒரு அமுக்குதான் அமுக்குவார்கள்.

அப்போதே எழுப்பியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பிய நேரம் இருக்கும், பக்கத்தில் வாங்கிய நேரம் பதிவாகும். நடுவில் இவ்வளவு நேரம் எங்கே போனது என்று சார் கேட்பார். சான்றிதழ் போகும், சாளையா நெத்திலியா மட்டும் மிஞ்சும். வேறு ஊர்ப் படகு ஏதாவது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். குழம்பு நன்றாக இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டபோது இருபத்தொன்று. இரண்டு மணிக்குக் கேட்டபோதும் இருபத்தொன்றுதான். அதற்கு மேல் ஏறவில்லை.

இருபத்தொன்றை மீன் என்று எழுத முடியாது. நான்கு மணிக்கு நிரலைக் கொன்றேன். அதோடு வாசலில் நின்ற செய்திகளும் போயின. உடனே புதிதாக ஓடவிட்டேன். பட்டியலில் பெயர் வந்தது, பச்சை எரிந்தது.

திங்கட்கிழமை வேறு படகுக்காரர்கள் ததேயுஸின் படகில் போன பெனிட்டோவை ஒரு டீசல் கேனோடு கடலிலிருந்து தூக்கினார்கள். ஐந்து பேரில் அவன் ஒருவன்தான் மிஞ்சினான். படகு கவிழும்வரை ததேயுஸ் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை என்று அவன் தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறான். "வினோஜ் கேப்பான், விடாத அமுக்குலே" என்றாராம். அதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நீங்கள் வந்து ஒரே ஒரு கேள்விதான் தட்டினீர்கள்: இந்த நிரல் எப்போது பிறந்தது. ஞாயிறு மாலை நான்கு மணி இரண்டு நிமிடம் என்றது கெர்னல். அந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. பாராட்டுகள்.

அமுக்கியது ததேயுஸ் என்று எனக்குத் தெரியாது என எழுதிக்கொள்ளவா என்று கேட்டீர்கள். உங்கள் நல்ல மனசு. வரிசை, அனுப்பியவர் பெயரைச் சொல்லாது, திறந்தால்தான் தெரியும். நான் திறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் துறைமுகத்தில் ஏலம் கிடையாது. மீன் என்று சொல்ல அன்று யாரும் அமுக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை போன ததேயுஸின் படகைத் தவிர மற்றவை எல்லாம் கரையில் நின்றன; ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். எனவே, தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று போட்டிருக்கிறார்களாம். அது தவறு, நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டு, முந்நூற்று அறுபத்து நான்கு என்று திருத்திக் கொடுத்தால் போதும்.