கன்னியம்மாளின் படத்திறப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனி வெளிச்சம் நன்றாக இருக்கும், மேடம். மற்றவர்கள் கறிக்கடைக்குக் கிளம்பும் நேரத்தில் நான் வரைய உட்கார்ந்துவிடுவேன். வேலை ஐடி கம்பெனியில்; ஓவியம் பொழுதுபோக்கு. யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பார்க்கிறவர்கள் நம்புவதில்லை.

முதலில் செம்பரம்பாக்கம் ஏரி, மாங்காடு கோபுரம் என்று வரைந்தேன். காட்டுப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் எங்கள் செயலாளர் கங்காதரன் மாரடைப்பில் போனார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பதினாறாம் நாள் படத்திறப்புக்கு, போட்டோவைப் பார்த்து அவரை வரைந்து கொடுத்தேன். துணியை விலக்கியதும் கூடமே விம்மியது. அவர் மனைவி ராணி படத்தின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார். நான் வரைந்த ஒன்றை மனிதர்கள் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. வீட்டுக்கு வந்து நானும் அழுதேன், சந்தோஷத்தில்.

அங்கே வந்திருந்த துலுக்கானம் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் குடியிருப்பு நிற்பது அவர் குடும்பம் நெல் போட்ட நிலத்தில். "நைனா, என்னியும் ஒண்ணு வரைஞ்சி குடேன். நல்லா கீறப்பவே வந்து குந்திக்கிறேன்" என்றார். வாராவாரம் பால்கனியில் அசையாமல் உட்கார்ந்தார். அப்படி ஒரு முகம் இனிக் கிடைக்காது. நெற்றிச் சுருக்கத்துக்கே பல ஞாயிறுகள் போயின.

படத்தைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து ஆசையாகப் பார்க்கப் போனேன். சுவரில் இல்லை. அவர் மனைவி கன்னியம்மாள் பரணைக் காட்டினார்.

"உசுரோட கீற மன்சனுக்கு செவுத்துல படம் மாட்டினா ஆவாதுப்பா. இருக்கட்டும், ஒரு நாளிக்கு மாட்டத்தானே போறோம்" என்று சிரித்தார். பழைய சாக்குக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவில் என் படம் குப்புறக் கிடந்தது.

நான் கோபப்படவில்லை. அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. படம் தயார், சுவருக்கு வர ஒன்றுதான் பாக்கி.

எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். சாயங்கால வெளிச்சத்தில் இன்னொரு படம் வரையலாம் என்று துலுக்கானத்தை அங்கே கூட்டிப்போனேன். "கொஞ்சம் பின்னாடி போங்க" என்றேன். போனார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். நான் அவரைத் தொடவே இல்லை. சொன்னபடி கேட்டு நிற்கிறவர்கள் ஓவியனுக்கு அமைவது அபூர்வம். கால் தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

படத்திறப்பில் கன்னியம்மாள் அந்த முகத்தோடு முகம் வைத்துக் கதறினார். "பேசறாப்பல கீதுப்பா" என்றார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? பிறகு அவரேதான் கேட்டார், புருஷன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட என்னையும் வரைந்து வைத்துவிடு என்று. நான் வற்புறுத்தவில்லை.

வரைந்து முடித்து, குமணன்சாவடியில் சட்டம் போடக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது தெருமுனையில் அவர் மகன் பூபாலன் ஆசையாகக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். சட்டத்தின் மேல் விளிம்பில், செத்தவர்கள் படத்துக்கு வைக்கிற சின்னச் சிவப்பு பல்பு.

"எங்கம்மா நல்லாத்தானே கீது? பல்பு இன்னாத்துக்கு வெச்சிகினு வர்றே?" என்று சட்டையைப் பிடித்தான். அன்று சாயங்காலம் அவன் அம்மாவை மாடிக்கு வரச் சொல்லியிருந்தேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு உங்களிடம் ஓடி வந்தான்.

துலுக்கானம் விஷயத்தை நான் மறுக்கவில்லை. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கன்னியம்மாளையும் கொல்லத் திட்டமிட்டேன் என்று பூபாலன் சொல்வது அநியாயம். அந்த அம்மாமேல் எனக்குத் தனிப் பிரியம். அவர் ஆயுசைப் பற்றி முடிவு செய்ய நான் யார்? துலுக்கானத்தின் படத்திறப்பு வேலை நாளில் விழுந்து, பாதிப் பேர் ஆபீஸ் போய்விட்டார்கள். அதனால் இந்தத் தடவை எல்லோருக்கும் வசதியாக, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் சொல்லி வைத்திருந்தேன். அவ்வளவுதான், மேடம்.