அடுத்த கம்பெனிப் பனியன்

வெள்ளியங்கிரி: அப்ப மிக்சி நீதான்.

சித்ரகலா: ஆமாங்கய்யா. நம்ம கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பரப் போட்டா ஆன்லைன்ல வெல கொறையுதுங்க… ஆசப்பட்டுட்டேன்.

வெள்ளியங்கிரி: அக்கவுண்ட்ஸ் பாக்கற நீயே இப்பிடிப் பண்ணுனா? பில்லு பூராவும் கம்பெனி கணக்குல வந்து நிக்குது. எம்பையன் தரணீதரன் குதியாக் குதிக்கறான். ஆளு யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லோணுமாம், வேலைய உட்டுத் தூக்கோணுமாம்.

சித்ரகலா: நீங்கதானுங்க காப்பாத்தோணும். ஊட்டுக்காரருக்கும் இப்ப வேல இல்லீங்க.

வெள்ளியங்கிரி: கால் அமுக்கற மிஷினு?

சித்ரகலா: மாமியாருக்குங்க. ஆபீஸ் சாமான்னு எழுதீட்டேன்.

வெள்ளியங்கிரி: நாய்க்கு ரெயின்கோட்டு?

சித்ரகலா: அதும்… ஆபீஸ் சாமான்தானுங்க.

வெள்ளியங்கிரி: நம்மகிட்ட நாயே இல்லியே அம்மிணி.

சித்ரகலா: வேணும்னா எங்க நாயக் கொண்டாந்து கேட்டுல கட்டீர்றனுங்க. மழ பேஞ்சா கோட்டும் போட்டுக்குமுங்க.

வெள்ளியங்கிரி: கட்டு, கட்டு. அதெல்லாம் நான் பையங்கிட்டப் பேசிக்கறேன். ஆனா பனியன்?

சித்ரகலா: என்ன பனியனுங்க?

வெள்ளியங்கிரி: ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்கற. அடுத்த கம்பெனிப் பனியன், நம்ம நம்பர்ல. முப்பது வருசமாப் பனியன் தைக்கற கம்பெனி இது. ‘அரிக்காது, சுருங்காது’ன்னு டவுன் பஸ்சு முதுகுல எழுதி வெச்சிருக்கறோம். நம்ம மங்கலம் ஊருக்குள்ள ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் நான் வெளிய தல காட்ட முடியுமா?

சித்ரகலா: சத்தியமா அது நானில்லீங்க.

வெள்ளியங்கிரி: இல்லாட்டிப் போகுது. நீயின்னு ஒத்துக்கோ.

சித்ரகலா: ஏனுங்க?

வெள்ளியங்கிரி: மிக்சி, நாய்க் கோட்டு… அதோட இதும் ஒண்ணு. ஒத்துக்கிட்டீன்னா உன்ற வேலைக்கு நான் பொறுப்பு.

சித்ரகலா: சைசு நூத்திப்பத்துங்க. எங்க ஊட்டுக்காரருக்கு எம்பத்தஞ்சே தொளதொளங்கும். தரணீதரன் தம்பி நம்புவாருங்களா?

வெள்ளியங்கிரி: இனிமே தடிப்பாருன்னு வாங்குனதாச் சொல்லு.

சித்ரகலா: அந்த வயிறு நம்ம கம்பெனில ஒருத்தருக்குத்தானுங்க…

வெள்ளியங்கிரி: வயித்தப் பத்திப் பேசாத.

சித்ரகலா: அதும் ஒண்ணு ரெண்டில்லீங்க. எட்டுப் பனியன்…

வெள்ளியங்கிரி: எட்டா? ஆறுதான வந்துச்சு.

சித்ரகலா: ஐயா.

வெள்ளியங்கிரி: கதவச் சாத்து… நம்ம பனியன் கழுத்துல அரிக்குது அம்மிணி. இத்தன வருசமாப் பொறுத்துப் பாத்தேன், முடியல. எத்தனைன்னு பாக்காமச் செல்லுல அமுக்குனேன், கம்பெனி நம்பரு அதுவா ஏறிக்கிச்சு. எட்டுக்குப் பில்லப் போட்டுட்டு ஆறு அனுப்பியிருக்கறான் பாரு, திருட்டுப்பய.

சித்ரகலா: அவனத் திட்டாதீங்கய்யா. உங்க பார்சலக் கேட்டுல வாங்கி வெச்சது நாந்தானுங்க. தீவாளிக்கு நீங்க தர்ற பனியனப் போட்டுட்டு ஊட்டுக்காரரு ராத்திரியெல்லாம் சொறியறாருன்னு, அதுல ரெண்ட எடுத்துட்டுப் போயிட்டனுங்க. தொளதொளன்னுதான் இருக்குது… ஆனா அரிக்கறதில்லீங்களாம்.