பல்லு வச்ச இலை

— களைக்கு மருந்தடிக்கிற பொம்ப ஏன் கீழ இறக்கி வச்ச, வாணி? இன்னும் முப்பது நிரை கெடக்கு.

— அடிக்க மாட்டேன், பிச்சைமுத்தண்ணே.

— என்னா கதை இது? வேல வாங்குற மண்டோர் நானா, நீயா?

— மண்டோர் நீங்கதான். ஆனா இது களை இல்ல. தோட்டத்துல நம்ம ஆளுங்களே நட்டு வச்ச எட்டு மணிப் பூ.

— பூவா? எங்க பூ? ஒண்ணக் காட்டு பாப்போம்.

— காலையில எட்டு மணிக்கு விரியும், மத்தியானத்துக்குள்ள மூடிக்கும். இப்ப மணி ரெண்டு. பூவ விடுங்க, இலையப் பாருங்க. இந்தாங்க, விளிம்புல வெரல ஓட்டுங்க.

— ம்... பல்லு பல்லா இருக்கு.

— இப்ப தண்ணி ஓடுற கான் ஓரத்துல நிக்கறதத் தொடுங்க. அதான் களை.

— இது வழவழன்னு இருக்கு. சரி லா, அதுக்கென்னா? ரெண்டும் பச்சதானே.

— சுங்கை ஊடாங் ஃபேக்டரியில இருந்து வந்து ஒரு மாசம்கூட ஆவல, அதான் அப்படிப் பேசுறீங்க. செம்பனை ஓலையத் திங்கிற புழுவுக்கு எமன் ஒரு குளவி. அதுக்குச் சோறே இந்தப் பூவுலதான். போன வருசம் அந்தாண்ட பிளாக்குல இதக் களைன்னு அடிச்சிட்டாங்க. மூணே மாசம், மரமெல்லாம் வெறும் ஈர்க்குச்சியா நின்னுச்சு.

— யாரு அடிச்சது?

— மண்டோர் காட்டினாரு, கருப்பாயி அக்கா அடிச்சாங்க. வேல போனது அக்காவுக்கு. மண்டோருக்கு ஒரு வார்னிங் லெட்டர், அவ்வளவுதான்.

— நான் அப்படி ஆளு இல்ல.

— அவரும் அதத்தான் சொன்னாரு.

— வாய் ரொம்ப நீளுது ஒனக்கு. இங்க பாரு, காலையில நாப்பது நிரை அடிச்சாச்சு. இனிமே அது பொழைக்காது. பாதிய விட்டு வச்சா மேனேஜர் கண்ணுல உறுத்தும். மீதியையும் அடிச்சிட்டா, எல்லாம் களைன்னு ரிப்போர்ட் எழுதிரலாம். பேசாம தூக்கு பொம்ப.

— என்னா வேணா எழுதுங்க. அடிச்சது வாணின்னு மட்டும் எழுத முடியாது.

— ஏன், காலையில அடிச்சது நீதானே? அப்பத் தெரியலையா இந்த இலை?

— மொத நிரையிலயே தெரிஞ்சிருச்சு. ரெண்டு தடவ கூப்பிட்டேன். போன்ல பேசிக்கிட்டே, அடி அடின்னு கையக் காட்டினீங்க. சொன்ன வேலைய விடலண்ணே, நாப்பது நிரைக்கும் அடிச்சேன். வெறுந்தண்ணி. மருந்து டின்னு சீல் பிரிக்காம லோரியிலயே இருக்கு, போய்ப் பாருங்க.