லிஃப்ட் ரிப்பேர், சார்

பயறுக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அதைத் தவிர அன்றைய மதியச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, இன்ஸ்பெக்டர். எவரிஸ்தோ மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் தட்டிலிருந்த சாசேஜ் துண்டுகளைத் தீர்த்துவிட்டு, என் தட்டிலிருந்தும் ஒன்றைத் திருடினார்.

நான் ஒரு டிவி தொடருக்குத் துணி தைக்கிறேன். இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். மாட்ரிட்டில் ஒரு பேட்டை போலீஸ் ஸ்டேஷன், மூன்று அசட்டுப் போலீஸ்காரர்கள், கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் அழுகை. அதில் குண்டு போலீஸ்காரர் சுவர் ஏறிக் குதிக்கும்போதெல்லாம் கால்சட்டை கிழியும். அது தானாகக் கிழிவதில்லை. பின்பக்கத் தையலை நான் தளர்வாகப் போட்டுவைப்பேன். நடந்தால் தாங்கும், குதித்தால் விட்டுவிடும். எது எப்போது கிழிய வேண்டும் என்பது என் பொறுப்பு.

என் கணவர் எவரிஸ்தோ நடிகர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கலாம், முதுகுப் பக்கமாக. பிணம், சிப்பாய், ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரர். யாரும் அவரை வாய் திறக்கச் சொன்னதில்லை. வெகு காலத்துக்கு முன் ஒரு படத்தில் ஒரு வசனம் கொடுத்தார்கள். உறவுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனோம். வசனம் வரவில்லை, வெட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இந்தத் தொடரின் மூன்றாவது வாரக் கதையில் ஒரு வாட்ச்மேன் வேடம் இருந்தது. டைரக்டரிடம் நான்தான் கெஞ்சி வாங்கிக் கொடுத்தேன். போலீஸ்காரர்கள் மூச்சிரைக்க ஓடி வருவார்கள். வாட்ச்மேன் மாடியைக் கைகாட்டி ஒரு வசனம் பேச வேண்டும். ஷேவ் செய்யும்போதும் அதே வசனம், வெங்காயம் உரிக்கும்போதும் அதே வசனம்.

"கசில்தா, இங்க பாரு. 'லிஃப்ட் ரிப்பேர், சார். திருடனும் படியேறித்தான் போயிருக்கான்.' எப்படி? 'சார்'ல இன்னும் கொஞ்சம் நக்கல் வேணுமோ?"

"நக்கல் தனியா வேற வேணுமா? அதான் மூஞ்சியிலயே இருக்கே."

எங்கள் தெருமுனையில் ஃபெர்மினின் பார் இருக்கிறது. தொடர் வரும் அன்று அங்கேயே எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவானது. "ஒத்த வசனத்துக்கே இந்த அலட்டலா? ரெண்டு குடுத்திருந்தா எங்களையெல்லாம் க்யூவுல நிக்க வச்சிருப்பே" என்றான் ஃபெர்மின். எவரிஸ்தோ காகித நாப்கினில் கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினார்.

ஒளிபரப்புக்கு முந்தைய வாரம், தைத்த கால்சட்டைகளோடு எடிட்டிங் அறையைக் கடந்து போனேன். கதவு திறந்திருந்தது. "வாட்ச்மேன் பேசறது வேணாம், வேகம் குறையுது. கை காட்டினதும் வெட்டிடு" என்று டைரக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. வசனம் இல்லாமல் காட்சி நன்றாகவே இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எவரிஸ்தோவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அன்றைக்கே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். சொல்லாவிட்டால் பார் முழுக்க ஆட்கள் பார்த்திருக்க, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடைந்துபோவார். வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். நான் அவசரக்காரி இல்லை.

ஒளிபரப்பு அன்று மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் சாமந்திப்பூத் தேநீர் போட்டேன். டாக்டர் எனக்குக் கொடுத்திருந்த தூக்க மாத்திரைகளை அதில் கரைத்தேன். கசப்புத் தெரியாமலிருக்கத் தேன் தாராளமாக விட்டேன். அவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"இன்னைக்கு பார்ல உனக்கு ஒரு வேடிக்கை இருக்கு" என்றார்.

"என்ன வேடிக்கை?"

"சொன்னா போச்சு. நீ சிரிக்கணும், அவ்வளவுதான். வாய்க்குள்ளயே சிரிக்கிறியே, அப்படி இல்ல. சத்தமா. சரியா?"

சரி என்றேன். தன் வசனத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மதியத் தூக்கம் அவருக்கு எப்போதுமே சுலபமாக வரும். மூச்சு மெதுவாகி, பிறகு நின்றது. அதுவரை நான் பக்கத்திலேயே இருந்தேன். மாலையில் போட்டுக்கொள்வதற்காக அவர் எடுத்துவைத்திருந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. காலர்வரை போட்டு முடித்தேன்.

பிறகு பாருக்குப் போனேன். போகாவிட்டால் யாராவது தேடி வருவார்கள். அவருக்குக் காய்ச்சல் என்றேன். ஃபெர்மின் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் எனக்காக முன்வரிசையில் நாற்காலி போட்டுவைத்திருந்தார்கள்.

காட்சி வந்தது. போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். எவரிஸ்தோவின் கை மட்டும் திரையில் நீண்டது.

அந்த நொடியில் பாரில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "லிஃப்ட் ரிப்பேர், சார்! திருடனும் படியேறித்தான் போயிருக்கான்!"

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள்.

"என்னம்மா, சிரிக்க மாட்டேங்கறே?" என்றான் ஃபெர்மின். "உன் புருஷன் எங்களுக்கு ஒத்திகையே வச்சான். வெட்டிட்டாங்கன்னு போன வாரமே ஆபீஸ்லேர்ந்து அவனுக்கு போன் வந்துச்சாம். 'எனக்கு ஒண்ணுமில்ல, இந்த வயசுல இதெல்லாம் பழகிப்போச்சு. ஆனா கசில்தா தாங்க மாட்டா, எனக்காக அவதான் கெஞ்சி வாங்கினா. கை தெரிஞ்சதும் எல்லாரும் கத்துங்கடா, அவ சிரிச்சிருவா'ன்னான். காய்ச்சலாவது ஒண்ணாவது. போய் எழுப்பிக் கூட்டிட்டு வா."

நான் சிரித்தேன், இன்ஸ்பெக்டர். அவர் கேட்டுக்கொண்டபடி, சத்தமாகவே. எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். சோபாவில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. முகம் என் பக்கம்தான் இருந்தது. நீலச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, உங்களுக்கு போன் செய்தேன்.

அவர் மனம் உடைந்துவிடக் கூடாது என்றுதான் அவரைக் கொன்றேன். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டாமல் எழுதிக்கொள்ளுங்கள்.