கேட்டாண்ட நிக்கிறவன்

ஆவடியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஆபீஸ் அட்டை. ரயில் கிளம்பியதும் இளையவள் சொன்னாள்:

"'நீ சாகப்போற'ன்னு எங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிட்டேன்க்கா."

நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"அடிப்பாவி! மனசு வளராத புள்ளயாண்ட போய் யாராச்சும் அத சொல்லுவாங்களா?"

"நாப்பத்திரண்டு வயசு ஆள்க்கா. ஊட்லயே வெச்சுக்கோங்க, வலி தெரியாம பாத்துக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. எல்லாருக்கும் தெரியுது, அவனுக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

"தாங்குவானாடி?"

"அம்மா செத்தப்பவும் இதத்தான் சொன்னாங்க. அவன பெரியம்மா ஊட்ல விட்டுட்டு எல்லாத்தையும் முடிச்சோம். அம்மா ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிட்டோம். அம்மா வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு வருமில்ல? நாலு வருஷமா அஞ்சு மணியானா வாசல் கேட்டாண்ட போய் நிக்கிறான்க்கா. மழை வந்தா குடையோட."

அம்பத்தூர் வந்து, போனது.

"நீ சொன்னதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"அழல. 'அப்போ கேட்டாண்ட யாரு நிப்பா?'ன்னான். நான் நிக்கிறேன்னேன். குடை எங்க கீதுன்னு கை காட்டினான்."

"அப்போ அம்மா செத்தத நீ இன்னும் சொல்லலியா?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவன் சாவச் சொல்ல வாய் வந்துச்சுக்கா. அம்மா சாவச் சொல்ல வரல."